பழைய கட்டடம் ‘பாதுகாக்கப்பட்ட சின்னம்’ ஆவது எப்படி?

மதுரை மீனாட்சியம்மன் கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பட்டியலில் கிடையாது. அங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் திருமலை நாயக்கர் மகால் பட்டியலில் உண்டு. முதல்முறை கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். அப்படியானால் கோயிலைவிட மகால் உசத்தியா என்பார்கள். உசத்தி தாழ்த்திக்கு இங்கே வேலையில்லை. ஒரு சட்டத்தின் கீழ், குறிப்பிட்ட ஒரு நிலத்துண்டின் மேல், அரசு எழுதிப்போடும் கட்டுப்பாடுதான் இந்தப் பட்டியல். சொத்தின் மேல் வில்லங்கம் ஏறுவதைப் போல என்று வைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்.

மீதிப் பாதி, எந்தப் பட்டியல் என்பது. தமிழ்நாட்டில் ஒரு பழைய இடத்தைப் பற்றிப் பேசும்போது நான்கைந்து பட்டியல்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. அவற்றுள் இரண்டுக்குத்தான் தொல்லியல் சட்டத்தின் முழு பலம் உண்டு.

மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல்

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையிலேயே இந்தப் பாகப்பிரிவினை நடந்துவிட்டது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி ‘தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை’ என்று அறிவிக்கப்பட்ட சின்னங்கள் ஒன்றியப் பட்டியலின் 67-ஆம் இனத்தில் வருகின்றன. அவை போக மீதமுள்ள பழமையான சின்னங்கள் மாநிலப் பட்டியலின் 12-ஆம் இனம். கட்டடமாக இல்லாத தொல்லியல் மேடுகளும் எச்சங்களும் பொதுப் பட்டியலின் 40-ஆம் இனம்.

முதல் வகைக்கு 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். பராமரிப்பு இந்தியத் தொல்லியல் துறையின் கையில். தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம், செஞ்சிக் கோட்டை, சித்தன்னவாசல் எல்லாம் இதில் சேரும். நாடு முழுக்க 3,600-க்கு மேல். தமிழ்நாட்டில் மட்டும் 400-ஐத் தாண்டும்.

இரண்டாம் வகைக்கு 1966-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டமும், அதன் கீழ் 1971-இல் வந்த விதிகளும். இதைப் பார்த்துக்கொள்வது 1961-இல் தொடங்கப்பட்ட மாநிலத் தொல்லியல் துறை. நாயக்கர் மகால், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் எழுப்பிய கோட்டை, நெப்போலியனின் தோல்வியைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி கட்டிய மனோரா, ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் ஆகியவை இந்தப் பட்டியலில் உள்ளவை. எண்ணிக்கையில் மத்தியப் பட்டியலுக்குப் பக்கத்தில்கூட வராது.

ஒரே ஊரில் இரண்டு துறையும் வேலை செய்யும். கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயில் மத்தியத் துறையின் பொறுப்பு. சற்றுத் தள்ளி மாளிகைமேட்டில் சோழர் அரண்மனையைத் தோண்டியது மாநிலத் துறை. இதைவிட வேடிக்கை பத்மநாபபுரம் அரண்மனை. நிற்பது கன்னியாகுமரி மாவட்டத்தில். நிர்வகிப்பது கேரள அரசு. ஆகவே ‘தொல்லியல் துறைக்கு எழுதினேன், பதிலே இல்லை’ என்று யாராவது புலம்பினால், எந்தத் தொல்லியல் துறைக்கு என்று முதலில் கேட்க வேண்டும்.

யுனெஸ்கோ பட்டியல் இன்னொரு சங்கதி. அது பன்னாட்டு அங்கீகாரம்; உள்ளூரில் ஒரு சுவரை இடிப்பவரைத் தடுக்கும் சட்டம் அதில் இல்லை. நீலகிரி மலை ரயில் 2005-இல் அதில் இடம்பெற்றது. இன்றும் ரயில்வேயின் சொத்தாகத்தான் ஓடுகிறது. பெரிய கோயிலைக் காப்பதும் 1987-இல் வந்த யுனெஸ்கோ அங்கீகாரம் கிடையாது, 1958-ஆம் ஆண்டு சட்டம்தான்.

எது நுழையலாம்?

மத்தியச் சட்டம் ‘பழமையான சின்னம்’ என்பதற்கு இரண்டு நிபந்தனை வைக்கிறது. குறைந்தது 100 ஆண்டு இருந்திருக்க வேண்டும். வரலாறு, தொல்லியல், கலை ஆகியவற்றில் ஏதாவது ஒரு வகையில் முக்கியமானதாக இருக்க வேண்டும். கட்டடம்தான் என்றில்லை. குகை, பாறைச் சிற்பம், கல்வெட்டு, ஒற்றைக்கல், புதைமேடு எல்லாம் சேரும். சின்னத்தைச் சுற்றி வேலி போடத் தேவையான நிலமும், அங்கே போய்வரும் பாதையும்கூட ‘சின்னம்’ என்ற சொல்லுக்குள் அடங்கும். இந்தக் கடைசி வரியைப் பலர் படிப்பதே இல்லை. பாதைத் தகராறுகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. மாநிலச் சட்டமும் ஏறக்குறைய இதே அச்சில் வார்த்ததுதான்.

100 ஆண்டு ஆகிவிட்டால் தானாகவே பாதுகாப்பு வந்துவிடும் என்று நினைப்பது தவறு. நூறு ஆண்டு என்பது வாசலில் நிற்கும் தகுதி மட்டும். உள்ளே விட அறிவிக்கை வேண்டும்.

இரண்டு அறிவிக்கைகள்

அரசு ஒரு இடத்தைப் பாதுகாக்க நினைத்தால், முதலில் அரசிதழில் ‘அறிவிக்க உத்தேசித்துள்ளோம்’ என்று ஒரு அறிவிக்கை வெளியிடும். அதன் நகலைச் சின்னத்தின் அருகே கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். அன்றிலிருந்து இரண்டு மாதம் கெடு. அந்த இடத்தில் உரிமையோ நலனோ உள்ள யாரும் ஆட்சேபம் எழுதித் தரலாம். கெடு முடிந்து, வந்த ஆட்சேபங்களைப் பரிசீலித்த பிறகு, இரண்டாவது அறிவிக்கை வரும். சட்டத்தின் பார்வையில் சின்னம் பிறப்பது அந்த நாளில்தான். அந்த அறிவிக்கை திரும்பப் பெறப்படும்வரை, ‘இது பாதுகாக்கப்பட்ட சின்னம்’ என்பதற்கு அதுவே முடிவான சான்று. வேறு ஆதாரம் தேவையில்லை.

முதல் அறிவிக்கையோடு கோப்பு உறங்கிப்போவதும் உண்டு. செய்தித்தாளில் ‘பாதுகாக்கப்பட்ட சின்னமாகிறது’ என்று வந்ததும் ஊரே மகிழ்ந்துவிடும். ‘ஆகிறது’ வேறு, ‘ஆனது’ வேறு. இரண்டாவது அறிவிக்கையின் எண்ணும் தேதியும் கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பாதுகாக்கப்பட்டுவிட்டால் சொத்து அரசுக்குப் போய்விடும் என்ற பயமும் பரவலாக உண்டு. அப்படியில்லை. உரிமையாளர் உரிமையாளராகவே இருக்கலாம்; பராமரிப்பு குறித்து அரசோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளவும் வழி இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் கல்லையும் சுதையையும் பார்ப்பது தொல்லியல் துறை. பூசையை நடத்துவது அரண்மனை தேவஸ்தானம். போய்விடுவது என்னவென்றால், இஷ்டப்படி இடிக்க, கட்ட, வண்ணம் பூச இருந்த சுதந்திரம்.

அட்டவணையைப் படிக்கும் விதம்

அறிவிக்கையின் உயிர் அதன் அடியில் இருக்கும் அட்டவணையில் இருக்கிறது. மாவட்டம், வட்டம், கிராமம், சின்னத்தின் பெயர், பாதுகாக்கப்படும் புல எண், பரப்பு, நான்கெல்லை, நிலத்தின் உடைமை என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். சின்னம்: மலைமேல் உள்ள குகையும் கல்வெட்டும். புல எண்: 214 பகுதி. பரப்பு: 0.40 ஏக்கர். வடக்கு, கிழக்கு, மேற்கு: புல எண் 214-இன் மீதி. தெற்கு: புல எண் 215. உடைமை: அரசுப் புறம்போக்கு.

இங்கே கண் நிற்க வேண்டிய சொல் ‘பகுதி’. 214 முழுவதும் ஒரு பெரிய மலை. அறுபது ஏக்கர் என்று வையுங்கள். அதில் பாதுகாக்கப்பட்டது நாற்பது சென்ட். மலை முழுக்கப் பாதுகாப்பில் இருப்பதாக ஊர்க்காரர்கள் நம்பிக்கொண்டிருப்பார்கள். மறுபக்கச் சரிவில் ஒருநாள் பாறை உடைக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அட்டவணையைத் தேடுவார்கள். அந்த நாற்பது சென்ட் மலையில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டும் வரைபடம் கோப்பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இரு தரப்பும் தத்தம் வசதிக்கு அளந்துகொள்ளும்.

அடுத்த சிக்கல், எண்களே மாறிப்போவது. தமிழ்நாட்டில் 1980-களில் நடந்த யு.டி.ஆர். என்னும் நிலவுடைமை மேம்பாட்டுப் பணியில் பழைய புலங்கள் பல உட்பிரிவாயின. அதற்கு முந்தைய அறிவிக்கையில் 214 என்று இருப்பது இன்றைய பதிவேட்டில் 214/1, 214/2ஏ, 214/2பி என்று சிதறிக் கிடக்கலாம். கிராமப் புல எண் நகர நில அளவையில் வார்டு, பிளாக் எண்ணாக மாறியிருக்கலாம். மாவட்டமும் நிலையில்லை: மாமல்லபுரம் பழைய தாள்களில் செங்கல்பட்டு மாவட்டம், பிறகு காஞ்சிபுரம், 2019-க்குப் பிறகு மீண்டும் செங்கல்பட்டு. கங்கைகொண்ட சோழபுரத்தைப் பழைய பட்டியலில் அரியலூரின் கீழ் தேடினால் அகப்படாது. திருச்சிராப்பள்ளியில் தேட வேண்டும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைத்துக் காட்டும் ஒப்பீட்டுப் பதிவேடு வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கும். இந்த ஒரு பொருத்தத்தைச் சரிபார்க்காமல் எழுதிய மனு எத்தனை உணர்ச்சிகரமாக இருந்தாலும் நிற்காது.

100 மீட்டர், 300 மீட்டர்

மத்தியப் பட்டியலில் உள்ள சின்னங்களுக்கு 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு கடுமையான வளையம் போட்டது. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதைத் தாண்டி இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. ஆக மொத்தம் 300 மீட்டர்.

தடைசெய்யப்பட்ட பகுதியில் புதுக் கட்டடம் கூடாது; அரசின் பொதுப்பணிக்கும் இதே கதிதான். 16-6-1992-க்கு முன்பே இருந்த வீடு என்றால் அனுமதி பெற்றுப் பழுது பார்க்கலாம், புதுப்பிக்கலாம். ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியில் அனுமதியோடு கட்டலாம். தகுதிவாய்ந்த அதிகாரியிடம் விண்ணப்பித்தால், அவர் 15 நாளுக்குள் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்புவார். ஆணையம் இரண்டு மாதத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். அது வந்த ஒரு மாதத்துக்குள் அதிகாரி தருவதோ மறுப்பதோ முடிவாகும். சட்டத்தில் உள்ள கெடு இது. கையில் காகிதம் வரும் நாளை வைத்து அஸ்திவாரத்துக்கு நாள் குறியுங்கள், கெடுவை வைத்துக் குறிக்காதீர்கள்.

அளப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கோபுரத்திலிருந்து 120 மீட்டர் இருக்கிறது, தடையில்லை என்று மனை வாங்கியவர் இருப்பார். தூரத்தைக் கோபுரத்திலிருந்து அளப்பதில்லை. பாதுகாக்கப்பட்ட நிலத்தின் விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். அந்த நிலம் கோபுரத்திலிருந்து 40 மீட்டர் வெளியே வருகிறது என்றால், அவர் மனை இருப்பது 80 மீட்டரில். அங்கே ஒரு செங்கல்கூட வைக்க முடியாது.

இதில் வயிற்றெரிச்சலான விஷயம், வில்லங்கச் சான்று சுத்தமாக வரும் என்பது. அதில் பதிவான பரிமாற்றங்கள்தான் தெரியும். தொல்லியல் வளையம் தெரியாது. பட்டா சரி, சிட்டா சரி, மூலப்பத்திரம் சரி, வங்கிக் கடனும் கிடைக்கும். வரைபட ஒப்புதலுக்குப் போகும்போது தடையின்மைச் சான்று கேட்பார்கள். பழைய கோயில், கோட்டை, கல்லறை, கல்வெட்டுப் பாறை எது பக்கத்தில் இருந்தாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே 300 மீட்டரை நாடா பிடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

இந்த வளையத்தின் பாரத்தையும் சொல்லியாக வேண்டும். தனியாக நிற்கும் ஒரு கல்லைப் புள்ளியாக எடுத்துக்கொண்டாலும் 300 மீட்டர் வட்டம் சுமார் 70 ஏக்கரை விழுங்கும். பெரிய கோட்டைக்கும் சின்னக் கல்லறைக்கும் ஒரே அளவுகோல். குடியிருப்புகளுக்கு நடுவே சின்னங்கள் நெருங்கிக் கிடக்கும் மாமல்லபுரம் போன்ற ஊரில் வாழ்பவர்கள் வீட்டுக்கு மாடி போடக்கூடத் திணறுவது இதனால்தான். சின்னத்துக்குத் தகுந்தபடி தனித்தனி மரபுத் துணைவிதிகள் எழுத வேண்டும் என்று அதே திருத்தம் சொல்கிறது. அவை முடிந்திருக்கும் இடங்களில் உயரம், முகப்பு போன்றவை தெளிவாக இருக்கும்.

மாநிலப் பட்டியலில் உள்ள சின்னத்துக்கு இந்த 100, 200 எண்களை அப்படியே தூக்கிப் போட்டுவிடக் கூடாது. அதற்கு 1966 சட்டத்தையும் 1971 விதிகளையும், சின்னத்துக்கென வந்த அறிவிக்கையையும்தான் பார்க்க வேண்டும். சட்டத்தின் பெயரையே மாற்றி எழுதிவிட்டு வழக்கில் தோற்பது வேதனை.

பட்டியலுக்கு வெளியே நிற்பவை

தமிழ்நாட்டின் பழைய கோயில்களில் பெரும்பாலானவை இரண்டு பட்டியலிலும் இல்லாமல், 1959 சட்டப்படி இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் இருக்கின்றன. அந்தச் சட்டம் முதலில் நிர்வாகத்துக்கானது. கல்லைக் காப்பது அதன் முதல் நோக்கம் இல்லை. திருப்பணி என்ற பெயரில் நடக்கும் சேதம் இங்கேதான் அதிகம்: சுவரைச் சுத்தம் செய்ய மணலை அழுத்தத்தில் பீய்ச்சும் மணல் வீச்சில் கல்வெட்டு எழுத்துகள் மழுங்குகின்றன, தரையில் பதிக்கும் பளபள ஓடுகளுக்கு அடியில் அடித்தளத்துக் கல்வெட்டு மறைகிறது. சுண்ணாம்புக் காரையைச் சுரண்டிவிட்டு சிமென்ட் பூசுவது இன்னும் மோசம். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அடைத்துக்கொள்ளும். வழி கிடைக்காத ஈரம் செங்கலின் ஊடே போகிறது, உப்பு படிகமாகிப் பொருமுகிறது, சில மழைக்காலங்களில் சுவரே பொடிப்பொடியாக உதிர்கிறது. வல்லுநர் குழுக்கள் இப்போது திருப்பணி மதிப்பீடுகளைப் பார்க்கின்றன. முறையான அனுமதி இல்லாத திருப்பணியைக் கண்டால் வேலை தொடங்கும் முன் கேட்பதில்தான் பலன். முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

சென்னைக்குத் தனிக் கதை. அண்ணா சாலையில் 1897-இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2010 தீர்ப்பு இடிப்பைத் தடுத்தது. நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த 467 மரபுக் கட்டடங்களின் பட்டியலுக்கும் வலு தந்தது. அதன்பின் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் மரபுப் பாதுகாப்புக் குழு அந்தக் கட்டடங்களை ஆய்ந்து தரம் பிரிக்கும் வேலையை எடுத்துக்கொண்டது. இது நகரமைப்பு விதிகளின் வழியே வரும் கட்டுப்பாடு. தொல்லியல் பாதுகாப்போடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மாநிலம் முழுக்க இப்படியொரு ஏற்பாட்டுக்காக மரபு ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது; நடைமுறைக்கு வர பத்தாண்டுக்கு மேல் பிடித்தது.

பட்டியலிலிருந்து விழுவது

சேர்ப்பது போலவே நீக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. மத்தியச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, ஒரு சின்னம் தேசிய முக்கியத்துவத்தை இழந்துவிட்டதாகக் கருதினால் அறிவிக்கையைத் திரும்பப் பெற அனுமதிக்கிறது. 2024-இல் 18 சின்னங்களை நீக்க இந்தப் பிரிவைத்தான் எடுத்தார்கள். அவற்றில் ஒன்று ஹரியானாவின் முஜேசர் கிராமத்து கோஸ் மினார், அதாவது முகலாயர் காலத்து மைல்கல் தூண். இன்னொன்று டெல்லியின் பாராகம்பா கல்லறைத் தோட்டம். இவற்றை யாரும் ஒரே நாளில் இடித்துவிடவில்லை. இடமே கண்டுபிடிக்க முடியாமல் நகரத்துக்குள் கரைந்தவை. 2013-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை, 92 சின்னங்களைக் காணவில்லை என்று சொன்னது. அட்டவணையில் ‘ஊருக்கு வடக்கே உள்ள கல்லறை’ என்ற அளவில் குறித்துவிட்டுப் போனால், ஊர் வடக்கே வளர்ந்த பிறகு தேடிப் பயனில்லை.

நீங்கள் செய்யக்கூடியது

உங்கள் ஊரில் ஒரு சின்னம் பட்டியலில் இருக்கிறதா என்று அறிய, முதலில் பலகையைப் பாருங்கள். ஆனால் பலகையோடு நின்றுவிட வேண்டாம். துருப்பிடித்து விழுந்த பலகையால் பாதுகாப்பு போய்விடாது. யாரோ நட்ட பலகையால் பாதுகாப்பு வந்துவிடாது. தகவல் அறியும் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மூன்றைக் கேளுங்கள்: இறுதி அறிவிக்கையின் நகல், அதன் அட்டவணை, எல்லை காட்டும் வரைபடம். பதிலுக்கு 30 நாள். மாநிலச் சின்னம் என்றால் சென்னை எழும்பூரில் உள்ள தொல்லியல் துறை அலுவலகம். மத்தியச் சின்னம் என்றால் அந்தப் பகுதிக்குரிய வட்ட அலுவலகம், அதாவது சென்னை அல்லது திருச்சி.

புதிதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்லி யார் வேண்டுமானாலும் மாநிலத் துறைக்கு மனு எழுதலாம். அதில் வர்ணனை குறைவாக, விவரம் நிறைவாக இருக்கட்டும். ஜி.பி.எஸ். ஆயத்தொலைவு, இன்றைய புல எண், உட்பிரிவு, புல வரைபட நகல், நிலம் பட்டாவா புறம்போக்கா என்ற விவரம், நான்கு பக்கமும் எடுத்த படங்கள். ஒவ்வொரு படத்திலும் அளவுகோலோ, அளவு தெரிந்த ஒரு பொருளோ இருக்க வேண்டும். கல்வெட்டு இருந்தால், ஏற்கெனவே படியெடுக்கப்பட்டு கல்வெட்டு ஆண்டறிக்கையிலோ கல்வெட்டுத் தொகுதியிலோ வெளியானதா என்று தேடி அந்த எண்ணையும் சேருங்கள். என்ன ஆபத்து நெருங்குகிறது என்று ஒரு வரி: குவாரியா, சாலை அகலமாக்கலா, பக்கத்து வீட்டுச் சுவரா. மாவட்டத் தொல்லியல் அலுவலர் வந்து பார்க்கும்போது அவர் கையில் இருக்கப்போவது உங்கள் மனுதான்.

கல்வெட்டு படத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பதும், மாவு பூசுவதும், எண்ணெய் தடவுவதும், கம்பித் தூரிகையால் பாசியைச் சுரண்டுவதும் வேண்டாம். காலை எட்டு மணிக்குள்ளோ மாலை நாலரைக்கு மேலோ போனால், வெயில் சாய்வாக விழும். எழுத்து தானாகவே எழுந்து நிற்கும். வெயில் எட்டாத குகையில் ஒரு டார்ச்சைப் பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். கல்வெட்டின் மேல் தாளை ஒட்டி மையால் நகலெடுக்கும் மைப்படி வேலையைத் துறையிடம் விட்டுவிடுங்கள்.

மண்ணுக்குள்ளிருந்து சிலையோ காசோ கிடைத்தால் அது இந்தப் பட்டியலின் கதையே கிடையாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எதுவானாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொன்னால் ஆட்சியருக்குப் போகும். கிடைத்த இடத்தை அப்படியே விட்டு, குழியை மேலும் தோண்டாமல் சொல்வது நல்லது; எந்த ஆழத்தில், எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற தகவல் குழி கலைந்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.